லீ பஜார் லாரி ஆபீசில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

புக்கிங் கிளர்க், 1981 முதல் 1999 வரை

போன வாரம் வீடு மாற்றினோம். பரணில் இருந்து ஒரு எல்.ஆர். புத்தகம் கிடைத்தது. சேலம் லீ பஜார் பக்கம் இருந்த எங்கள் லாரி கம்பெனியில் 1986ஆம் வருடம் நான் எழுதியது. கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டதால் பெயரை இங்கே போடவில்லை. வாசலில் வேப்பமரம், அதன் கீழே தேய்ந்த டயர்களின் அடுக்கு, உள்ளே பச்சை பெயின்ட் அடித்த மரக் கவுன்டர். வேலை பார்த்தவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

எல்.ஆர். என்றால் லாரி ரசீது. கார்பன் வைத்து நான்கு காபி எழுதுவோம். சரக்கு அனுப்புகிறவருக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று, டிரைவர் கையில் ஒன்று, ஆபீஸ் ஃபைலுக்கு ஒன்று. எத்தனை மூட்டை, மூட்டையில் என்ன மார்க், எடை எவ்வளவு, வாடகை பெய்டா (அனுப்புகிறவர் கட்டியாயிற்றா), டு பேயா (வாங்குகிறவர் கட்ட வேண்டுமா), எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் காபியில் எழுத்து விழ வேண்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தி என் நடுவிரலில் வந்த காய்ப்பு இன்னும் போகவில்லை.

சரக்கில் பெரும்பகுதி ஜவ்வரிசிதான். 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கிய பிறகு, அங்கே சரக்கு எடுத்த வியாபாரிகள் நேராக நம் கவுன்டருக்கு வந்து வண்டி கேட்பார்கள். மூட்டை 90 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் 9 டன், ஒரு லாரி நிறைந்துவிடும். மகாராஷ்டிராவில் விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு என்பதால், நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பூனாவுக்கு எத்தனை வண்டி விட்டாலும் போதாது.

வண்டி கிளம்பிவிட்டால் அப்புறம் ஒரு தகவலும் இருக்காது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பாதி நாள் உட்கார்ந்திருப்போம். ‘வண்டி சேர்ந்தது’ என்று பூனாவில் இருந்து தந்தி வந்த பிறகுதான் முதலாளி சாப்பிட எழுந்து போவார். வாக்குத் தவறாத மனிதர். சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. எங்கள் அப்பா இறந்தபோது கேட்காமலே பணம் கொடுத்து அனுப்பினார். ஆனால் பதினெட்டு வருடம் அங்கே இருந்தேன் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வேலையில் சேர்த்தபோதும் வாய்வார்த்தை, நின்றபோதும் வாய்வார்த்தை. இந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது அதுதான் மனதை உறுத்தியது. எவனோ அனுப்பிய மூட்டைக்கு நான்கு ரசீது எழுதினேன், எங்களுக்கு யாரும் ஒன்றுகூட எழுதவில்லை.

ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள்.

டிரைவர், 1984 முதல் 2003 வரை

கிளர்க் அண்ணா, உங்கள் கையெழுத்து இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவீர்கள். நீங்கள் எழுதிய எல்.ஆரைப் பால் கவரில் சுற்றிச் சட்டை உள்பையில் வைத்துக்கொண்டு எத்தனையோ நடை போயிருக்கிறேன். மழையில் நாம் நனையலாம், அது நனையக்கூடாது. அது இல்லாவிட்டால் பூனாவில் சரக்கை இறக்க மாட்டார்கள்.

என் வண்டி டாடா 1210. பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். லோடு வண்டியை நின்ற இடத்தில் திருப்ப வேண்டும் என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா. இந்த ஊர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். சத்தாரா தாண்டிக் கம்பாட்கி மலையில் இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் சூடு கால் வழியாக ஏறும்.

எல்லோரும் மலை ஏறுவதைத்தான் கஷ்டம் என்பார்கள். பயம் இறக்கத்தில்தான். தர்மபுரியில் இருந்து சேலம் வரும் தொப்பூர் கணவாய் எத்தனை பேரை வாங்கியிருக்கிறது என்று இந்தப் பக்கத்து டிரைவர்களைக் கேட்டால் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் வீடு என்ற நினைப்பில் இருப்போம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. வண்டியைப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம் என்று ஆகிவிடும். மிதித்து மிதித்து டிரம் காய்ந்துவிட்டால் அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. கம்பெனியில் நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று கணக்கு. அதற்கு மேல் ஆனால் நம் பேட்டாவில் பிடிப்பார்கள். நியூட்ரலில் விட்டவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பத்து லிட்டர் மிச்சமானால் அது பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம். என்னுடைய முதல் டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்ததால் நான் மட்டும் எந்தக் கியரில் ஏறுவேனோ அந்தக் கியரில்தான் இறங்குவேன்.

2000ஆம் வருடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நாசிக் வெங்காயம் ரிட்டர்ன் லோடு ஏற்றிக்கொண்டு ஹூப்ளி தாண்டி வந்துகொண்டிருந்தேன். ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய செய்தி மறுநாள் காலை ஒரு டீக்கடையில்தான் தெரிந்தது. கடைக்காரர் என் வண்டியின் டி.என். நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பக்கத்துப் பெட்ரோல் பங்கின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். நம்பர் பிளேட்டில் கிளீனர் தம்பி சேற்றைப் பூசினான். ஆறு நாள். பங்கில் வேலை பார்த்த கன்னடக்காரப் பையன்கள் ராத்திரியில் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒருவன் எனக்காக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கம்பெனிக்குப் பேசிவிட்டு வந்தான்.

வெங்காயம் வேர்த்து, அடி மூட்டையில் இருந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தது. படுதாவைத் தூக்கிக் காற்று விட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. சேலம் வந்தபோது பாதிச் சரக்கு குப்பை. முதலாளி என் கணக்கில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. ‘ஆள் வந்து சேர்ந்தீங்களே, அது போதும்’ என்றார். அதே முதலாளிதான் டீசலுக்கு லிட்டர் கணக்குப் பார்த்துப் பிடித்தவர். இரண்டும் உண்மை.

கிளீனர், 1996 முதல் 2002 வரை, பிறகு வேறு வண்டிகளில் டிரைவர்

அண்ணே, சேற்றைப் பூசிய தம்பி நான்தான். உங்களை எங்கெல்லாமோ தேடினேன். நம்பர் மாறிவிட்டது என்றார்கள்.

வேலைக்கு வந்தபோது எனக்கு மீசைகூட இல்லை. முதலில் சொல்லிக்கொடுத்தது கட்டை போடுவது. மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி, பின் டயருக்கு அடியில் மரக்கட்டையை வைக்க வேண்டும். கையை எப்போது எடுப்பது என்பதுதான் வித்தை. அப்புறம் டாமிக் கம்பியால் டயரைத் தட்டிக் கேட்பது. காற்று சரியாக இருந்தால் கம்பி எகிறும், குறைவாக இருந்தால் மொத்தென்று அமுங்கும். பின்னால் ஜோடி டயரில் உள் டயர் பஞ்சரானால் பார்த்துத் தெரியாது, தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூங்குவது வண்டிக்கு அடியிலோ படுதா மேலேயோ. பம்ப் ஸ்டவ்வில் சோறு வடித்துப் புளிக்குழம்பு வைப்பேன். அண்ணன் முதல் கை எனக்குத்தான் போடுவார். இதை என் பிள்ளைகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

செக்போஸ்ட்டை யாரும் எழுதவில்லையே. ஓசூர் ஜூஜூவாடியில் வரிசையில் நின்றால் விடியும்வரை நிற்போம். நான் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்த பிறகு அந்த வழியாக முதல் தடவை நிற்காமல் போனபோது, பழக்க தோஷத்தில் காலை பிரேக்கில் வைத்தேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் அண்ணே. உங்கள் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

டைப்பிஸ்ட், 1990 முதல் 1997 வரை

கிளர்க் சாருக்கு வணக்கம். கவுன்டருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான்.

ஏன் ஒருவருக்கும் காகிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் காகிதங்களை டைப் செய்தது நான். ஆபீசில் ஓடியது பதினான்கு லாரி. ஆனால் அவை முதலாளி பெயரிலும், வீட்டம்மா பெயரிலும், தம்பி, மச்சான், மாமனார் பெயரிலும் பிரிந்து இருந்தன. 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. பி.எஃப். வேண்டுமென்றால் இருபது பேர் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயரிலும் நான்கு பேருக்கு மேல் எழுதுவதில்லை. மற்றவர்கள் வருவார்கள், வேலை செய்வார்கள், சம்பளம் வாங்குவார்கள், ரிஜிஸ்டரில் இருக்க மாட்டார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று அதே சட்டத்தில் இருந்தது. பூனா போய்வந்த யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆடிட்டர் சொன்னதை டைப் செய்தேன். அது யாரையெல்லாம் பாதிக்கும் என்று யோசிக்கவில்லை. இப்போது டிரைவர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் சங்கடமாக இருக்கிறது. அந்த ரிஜிஸ்டரில் என் பெயரும் கிடையாது.

லோடுமேன், 1978 முதல் 2001 வரை

பேரன் டைப் செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

நாங்கள் ஏழு பேர் ஒரு செட். இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள், ஒருவர் முதுகில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறிப் போய்ப் போட வேண்டும், மேலே ஒருவர் அடுக்குவார். பலகை ஆடும். நடுவில் நிற்கவே கூடாது, நின்றால் விழுந்துவிடுவோம். நூறு மூட்டையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். ஜவ்வரிசி மாவு மூக்கில் ஏறித் தும்மல் வரும், முதுகில் மூட்டை இருக்கும்போது தும்மக்கூடாது. மழைத்தூறல் விழுந்தால் சாக்கு நனைந்து பசையாகிவிடும் என்று எங்கள் துண்டையெல்லாம் மூட்டைமேல் போடுவோம்.

உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று இருப்பதே எனக்கு 62 வயதில்தான் தெரிந்தது. அறுபதுக்குள் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். சரி, போகட்டும். இடுப்பு போய்விட்டது, உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். பேரனிடம் நான் அங்கே இருபத்து மூன்று வருடம் மூட்டை தூக்கினேன் என்று சொன்னால், ‘எங்கே தாத்தா, அந்த ரசீதில் உங்க பேர் இருக்குமா’ என்று கேட்கிறான். டிரைவர் பேர் இருக்கும், வண்டி நம்பர் இருக்கும். ஏற்றியவன் பேரை யார் எழுதுவார்கள்.

கணக்குப்பிள்ளை, உங்களை ஒன்று கேட்க வேண்டும். மத்தியானம் லோடு இல்லாத நேரத்தில் கவுன்டரில் வைத்து எனக்கு என் பேரை எழுதக் கற்றுக்கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

புக்கிங் கிளர்க்

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? வீணாய்ப்போன எல்.ஆர். தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினீர்கள். ‘கணக்குப்பிள்ளை, இந்தச் சுழி எந்தப் பக்கம் போகும்’ என்று கேட்பீர்கள்.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்தப் புத்தகத்தை முழுவதும் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, எல்.ஆரில் உங்கள் செட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் பின் அட்டைக்குள் நான்கு தாள் மடித்து இருந்தது. கூலிச் சிட்டை. சனிக்கிழமை சனிக்கிழமை உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு நான் வாங்கி வைத்தது. நான்கு வாரத்துக்கு இருக்கிறது. ஏழு பேர் பெயரும் இருக்கிறது, நீங்கள் ஐந்தாவது.

முதல் இரண்டு வாரம் உங்கள் பெயருக்கு நேரே கைநாட்டு. மூன்றாவது வாரத்தில் கையெழுத்து இருக்கிறது, கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த ஆளின் இடத்துக்குள் போயிருக்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.