சேவலுக்கு முள்ளு கழண்டு ரத்தம் வருது, அவசரம்

தோட்டத்துக்காரன்: காலைல பஞ்சாரத்தத் தூக்குனா சேவல் நொண்டுது. ஒரு கால்ல, பின்பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த முள்ளக் காணோம். அந்த இடத்துல சிவப்பா சதை மாதிரி குச்சியா நீட்டிக்கிட்டு இருக்கு, ரத்தம் வேற. ராத்திரி அடைக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. என்ன போடறதுங்க? முள்ளு திரும்ப வருமா? பொங்கலுக்குள்ள சரியாகணும்.

ஈரோட்டு விடைக்கோழி: எத்தன மாசச் சேவல்? நாட்டுக்கோழியில பெருவிடை ரகமா சிறுவிடை ரகமா? ரத்தம் இன்னும் சொட்டுதா, உறைஞ்சிருச்சா?

முருங்கைக்கீரை: போட்டோ போடுங்க ப்ரோ. பக்கத்துல வேற சேவல் இருக்கா? கழண்ட முள்ளு கிடைச்சுதா?

கம்பு சோளம்: சுண்ணாம்புச் சத்து குறைவு. எங்க வீட்டுலயும் இதே. தீவனத்துல கிளிஞ்சல் தூள் கலந்து குடுங்க, எல்லாம் நின்னுரும்.

முருங்கைக்கீரை: ஒரே ராத்திரியில சத்து குறைஞ்சு முள்ளு விழுமா? 😄

ஆத்தங்கரை: செதில் பூச்சியா இருக்கும். கால் செதிலெல்லாம் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா வேப்பெண்ணெய் தடவணும்.

சேவக்கட்டு பெரியவர்: முப்பது வருசமா சேவல் வெச்சிருக்கேன். முள்ளுன்னா என்னன்னே தெரியாம வளக்க வந்துடறீங்க. அது நகம் மாதிரி, போனா வரும். நானே மாசத்துக்கு ரெண்டு சேவலுக்குக் கழட்டறேன். வெந்த உருளைக்கிழங்கச் சூடா முள்ளுல குத்தி ரெண்டு நிமிசம் புடிச்சு, திருகுனா மேல்கூடு கையோட வந்துரும். இதுக்கு ஒரு அவசரமா?

கால்நடை மாணவி: ஐயா, நகம் மாதிரிங்கறது மேல்கூட்டுக்குத்தான் பொருந்தும். உள்ள இருக்கறது எலும்பு. குஞ்சுல வெறும் தோல் தடிப்பாத்தான் இருக்கும். வளர வளர உள்ள எலும்பு உருவாகி, கடைசில கால் எலும்போட ஒட்டிக்கும். அதச் சுத்தி இருக்கற கொம்பு மாதிரி உறைதான் இவங்களுக்குக் கழண்டிருக்கு. சதை மாதிரி தெரியறது அந்த எலும்பும் அதுமேல இருக்கற ரத்த ஓட்டமுள்ள தோலும். தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கும்.

அண்ணா, இப்ப உருளைக்கிழங்கெல்லாம் வேண்டாம். சுத்தமான துணிய வெச்சுக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிங்க. நின்னதும் மஞ்சத்தூள் போடுங்க. தனியா, காஞ்ச இடத்துல விடுங்க, ரத்தத்தப் பாத்தா மத்த கோழிக கொத்திரும். ஈ உக்காந்தா புழு வெச்சிரும், தினமும் பாத்துக்கங்க. குச்சி நேரா, ஆடாம இருந்தா கவல இல்ல. ஒடிஞ்சு தொங்குச்சுன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிருங்க.

தோட்டத்துக்காரன்: மஞ்ச போட்டேன், நின்னுருச்சு. நன்றிங்க. முள்ளு வருமா?

கால்நடை மாணவி: வரும். வெளிய இருக்கறது கொஞ்ச நாள்ல காஞ்சு கெட்டிப்படும், அதுமேல புது உறை மெதுவா வளரும். பழைய அளவுக்கு வர மாசக்கணக்காகும். பொங்கலுக்குள்ள முடியாது. வயசு என்னங்க?

வெறுங்கால்: பொங்கலுக்குள்ள வேணும்னா எதுக்குன்னு தெரியாதா? சேவச் சண்டைக்குத்தான். இவனுகளுக்கு எதுக்கு வைத்தியம் சொல்றீங்க? 1960லயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு.

சேவக்கட்டு பெரியவர்: தம்பி, கத்தி கட்டாம விடற வெத்துக்கால் சண்டை வேற, கால்ல கத்தி கட்டி விடற கத்திக்கால் வேற. தெரியாமப் பேசாத.

வெறுங்கால்: ரெண்டுலயும் ரத்தம்தானே வருது?

சேவக்கட்டு பெரியவர்: ரத்தத்துக்குப் பயந்தவன் பால்கனியில புறா வளக்கலாம். விசயத்துக்கு வரேன். முள்ளு வளர்றதே ஆண் சுரப்புலதான். அதனாலதான் காயடிச்ச சேவலுக்கு முள்ளு வராது. தோட்டத்துக்காரரே, சேவல் வீரியமா இருந்தா முள்ளு தானா வரும்.

கால்நடை மாணவி: இல்லைங்க ஐயா. காயடிச்சா கொண்ட சுருங்கும், கூவறது குறையும், முள்ளு மட்டும் வளந்துக்கிட்டேதான் இருக்கும். முள்ளத் தடுக்கறது பெட்டையோட சுரப்புதான். சூலகம் கெட்டுப்போன பெட்டைக்கும், முட்டைய நிறுத்துன கெழட்டுப் பெட்டைக்கும் முள்ளு வளர்றத நீங்களே பாத்திருப்பீங்க.

சேவக்கட்டு பெரியவர்: பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடிஞ்ச கதைதான்.

ஈரோட்டு விடைக்கோழி: அந்தப் பொண்ணு சொல்றது சரிங்க. எங்க பாட்டி வெச்சிருந்த பெட்டைக்கு ஒரு இஞ்ச் முள்ளு இருந்துச்சு. முட்டை நின்னு ரொம்ப நாள் ஆன கோழி. பாட்டி அத அடிக்கவும் விடல, விக்கவும் விடல.

ஆத்தங்கரை: செதில் பூச்சி இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா?

புத்தகப்புழு: ஒரு சுவாரசியம். 1700கள்ல லண்டன்ல ஜான் ஹண்டர்னு ஒரு அறுவை மருத்துவர். சேவலோட முள்ள எடுத்து அதோட கொண்டையிலயே பொருத்திப் பாத்தார். ஒட்டிக்கிட்டு அங்கயே வளந்துச்சு.

தோட்டத்துக்காரன்: ஐயா கொண்டையில வேண்டாம், கால்லயே வரட்டும்.

முருங்கைக்கீரை: 😂😂

தோட்டத்துக்காரன்: சண்டைக்கெல்லாம் இல்லைங்க. கருப்பராயனுக்கு நேந்து விட்டது. ஊனம் இருக்கக்கூடாதுன்னு பூசாரி சொல்வாரு, அதுக்குத்தான் கேட்டேன்.

வெறுங்கால்: அடடா. அப்ப பொழச்சாலும் போச்சா அது.

கம்பு சோளம்: முள்ளு போனது ஊனத்துல சேருமா? எங்க ஊருல கண்ணு, கொண்ட, கால் வெரல் மட்டுந்தான் பாப்பாங்க.

சேவக்கட்டு பெரியவர்: சேரும். முள்ளில்லாத சேவல நான் கோயில் வாசல்ல பாத்ததே இல்ல.

ஈரோட்டு விடைக்கோழி: நீங்க பாத்ததெல்லாம் ஒரு கோயில் பெரியவரே. பூசாரியவே கேட்டுருங்க தோட்டத்துக்காரரே.

(மூணு நாள் கழிச்சு)

தோட்டத்துக்காரன்: முள்ளு பஞ்சாரத்து மூங்கில் இடுக்குல சிக்கிக் கெடந்துச்சு. ராத்திரி பூனை வந்து மெரண்டிருக்கும் போல. உள்ள வெத்தா இருக்கு, பையன் வெரல்ல மாட்டிக்கிட்டுத் திரியறான். சேவல் நடக்குது, கூவுது, குச்சி கறுத்துக் கெட்டியாயிருச்சு. பூசாரி அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டாரு. இன்னொரு கால் முள்ளு நீண்டு வளைஞ்சு கால்லயே குத்துது, அத என்ன பண்றது?

கால்நடை மாணவி: எவ்வளவு நீளம்? தோல்ல பதிஞ்சிருச்சா? வயசு இன்னும் சொல்லலையே அண்ணா.

சேவக்கட்டு பெரியவர்: உருளைக்கிழங்கு.