புதுப்பிப்பு: காட்டுப்பன்றிக்குச் செம்புக் குண்டு

கலிஃபோர்னியாவில் காட்டுப்பன்றி வேட்டைக்கு, என் பாயிண்ட் 308 (குழல் அளவு) துப்பாக்கியில் பழகிய 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) ஈயக் குண்டுக்குப் பதிலாக எந்த எடையில் செம்புக் குண்டு வாங்குவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். 150 கிரெய்னையே வாங்கினேன். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும், ஈயத் துணுக்கு கலந்த குடலைத் தின்று காண்டார் கழுகுகள் ஈய நஞ்சால் மடிவதால், அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையில் குண்டு நீண்டுவிடும், வேகம் குறைந்தால் விலங்கின் உடலில் பட்டதும் சரியாக விரியவும் செய்யாது. ஆகவே எடை குறைந்த, வேகமான குண்டே மேல் என்று நண்பர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. குழலைத் துடைத்துவிட்டு 100 கஜத்தில் சுட்டபோது, பழைய குண்டைவிட இரண்டு அங்குலம் மேலே பட்டது, குறிநோக்கியைத் திருத்திக்கொண்டேன். சனிக்கிழமை காலை, ஏறத்தாழ 90 கஜத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால் அடிபட்ட பன்றி இருபது அடிகூட ஓடவில்லை. மறுபக்கத் தோலுக்கடியில் சிக்கியிருந்த குண்டு நான்கு இதழாக விரிந்திருந்தது. கழுவி நிறுத்துப் பார்த்தேன், 148 கிரெய்ன். ஈயமென்றால் துணுக்குகள் இறைச்சியில் சிதறியிருக்கும். விலைதான் கையைக் கடிக்கிறது.