பன்னிரண்டு வயதில் லண்டன் மேடை: ஜூலி ஆண்ட்ரூஸின் குரலைக் காத்தது எது?

கண்டனூர் ஆச்சி:
என் பேத்திக்குப் பதினொரு வயது. சென்ற மாதம் எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் அவள் வளவில் அமர்ந்து பாடியபோது, இரண்டாங்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக வந்து நின்று கேட்டார்கள். அன்று வந்திருந்த இன்னிசைக் குழுக்காரர் ஒருவர், கச்சேரிகளுக்கு அவளை அனுப்பச் சொல்லி விடாமல் கேட்கிறார். முன்பு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் உரக்கப் பாடும்படி வற்புறுத்தியதில் ஒரு வாரம் தொண்டை கட்டிப் பேச்சே வராமல் போயிற்று. அதனால் எனக்கு அச்சம். ஆங்கிலப் பாடகியும் திரைப்பட நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸ் பன்னிரண்டு வயதிலேயே லண்டனில் பாடினாராமே, அவர் குரலை எப்படிக் காத்தார்கள்? பின்னாளில் குரல் போனதற்கு அந்த இளவயது மேடைதான் காரணமா?

தேவகோட்டை இசை ஆசிரியர்:
ஆச்சி அவர்களுக்கு வணக்கம். ஜூலி 1935 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் வால்டன்-ஆன்-தேம்ஸில் பிறந்தவர். தாய் பியானோ வாசிப்பவர். மாற்றாந்தந்தை டெட் ஆண்ட்ரூஸ் பாடகர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டெட்தான் முதலில் பாடம் சொல்லத் தொடங்கினார். தொண்டையைச் சோதித்த மருத்துவர், குரல்வளை பெரியவர்களுக்கு இருப்பதைப்போல வளர்ந்திருப்பதாகச் சொன்ன பிறகு, லிலியன் ஸ்டைல்ஸ்-ஆலன் என்ற அம்மையாரிடம் சேர்த்தார்கள். லீட்ஸில் அந்த அம்மையார் வீட்டிலேயே தங்கியும் ஜூலி பயின்றிருக்கிறார். அம்மையார் வற்புறுத்தியது உரத்த குரலை அன்று. மெய்யெழுத்துகளைத் திருத்தமாக ஒலித்தால் குரல் தானே நிலைகொள்ளும் என்பதே அவர் பாடத்தின் உயிர். கம்பன் விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது, றகரமும் ழகரமும் சரியான பிறகே சுருதிப் பெட்டியைத் திறப்பேன் என்பதால், இது எனக்குப் புதிதாகப் படவில்லை. 1947 அக்டோபர் 22 அன்று லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், பெரியவர்களே திணறும் ‘மிஞோன்’ என்ற ஓப்பரா இசைநாடகத்தின் பாடலை ஜூலி பாடியது இத்தனை பயிற்சிக்குப் பின்புதான்.

பள்ளத்தூர் வாசகர்:
ஆசிரியர் சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை; ஆனால் பயிற்சியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். 1948 நவம்பர் 1 அன்று பல்லேடியம் அரங்கில் அரச குடும்பத்தின் முன் பாடிய அந்தச் சிறுமி, பெற்றோருடனும் தனியாகவும் ஊர் ஊராக மேடையேறி, பதின்பருவத்திலேயே வீட்டுச் செலவைச் சுமக்கும் நிலைக்கு வந்துவிட்டார். மாற்றாந்தந்தையின் குடிப்பழக்கம் வேறு. 1954இல், பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவில் நியூயார்க் மேடையில் ‘தி பாய் ஃபிரெண்ட்’ நாடகத்தில் தோன்றிய பிறகுதான் பெரும் புகழ் வந்தது. ஆச்சி கேட்ட கடைசிக் கேள்விக்கு விடை: பாடும் குரலைப் பறித்தது 1997இல் நடந்த தொண்டை அறுவை சிகிச்சை. அதுவரை அரை நூற்றாண்டு அவர் பாடியிருக்கிறார். ஆகவே, குழுக்காரரிடம் நான் முதலில் கேட்பது, மாதம் எத்தனை இரவுகள் என்பதைத்தான்.

கண்டனூர் ஆச்சி:
இருவருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன், திருவிழா மாதங்களில் வாரம் மூன்று இரவு என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். ஆசிரியர் ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவகோட்டைக்கு அழைத்துவந்தால் பேத்திக்குப் பாடம் சொல்வீர்களா?