வெள்ளி இரவு உப்புவெளி, சனி காலை ஓட்டம்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வங்கி வேலை, வீடு வர இரவு 7.30 ஆகிவிடும். வெள்ளி என்றால் நண்பர்களோடு உப்புவெளிக் கடற்கரை, இரண்டு மூன்று காக்டெயில். தென்னஞ்சாராயத்தில் இஞ்சிச் சோடாவும் தேசிக்காய்ப் புளியும் கலந்து நீட்டினால் எனக்கு மறுக்க வராது. மதுசாரத்தில் கிராமுக்கு 7 கலோரி, அதற்கு மேல் சோடாவின் சீனி. அதைக்கூடப் பொறுக்கலாம், ஆனால் தூக்கம் கெட்டு, சனி காலை கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று மதுக்கடைகள் பூட்டு, அன்றைக்கு மட்டும் நான் நல்ல பிள்ளை!

நட்பை விட மனமில்லை. விடிய 5.30க்கு டச் பே கடற்கரைப் பக்கம் ஓட யாராவது வருகிறீர்களா? இரவு 8 மணிக்குப் பிறகும் திறந்திருக்கும் ஜிம் எது? அப்புறம், மதுசாரமே இல்லாத நல்ல கலவை ஏதும் தெரிந்தாலும் சொல்லுங்கள்.