ஆறரைக் கட்டைக்கு ஏற்றிய அண்ணன்

புதுப் பாடகர் என்றாலே எந்த இசையமைப்பாளர் கண்டுபிடித்தார் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பார்த்த கதையில் அந்த ஆள் கன்சோல் முன்னால் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவர்.

மதுரை செல்லூரில் ஒரு வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ. உறுமி, பம்பை வாசிக்க நான் போவதுண்டு. பக்கத்தில் விசைத்தறி ஓடும் என்பதால் குரல் பதிவெல்லாம் ராத்திரி தறி நின்ற பிறகுதான். (சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று இன்னமும் நம்புகிறார்கள். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.)

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அம்மன் பாட்டு ஆல்பத்துக்குக் கூட்டிவந்தார்கள். முளைப்பாரிக் கும்மியில் பாடிப் பழகின குரல். தெருமுனை வரைக்கும் கேட்குமாம். ஹெட்ஃபோனை மாட்டி, முன்னாலேயே பதிவான வாத்திய டிராக்கை ஓடவிட்டதும் சுருதி இறங்கிக்கொண்டே போனது. பணம் போட்டவர் வெளியே வந்து, "வேற ஆளைப் பாப்போமா?" என்று என்னிடம் கேட்டார்.

ரெக்கார்டிங் அண்ணன் உள்ளே போய், ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை அவள் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு, டிராக் சத்தத்தையும் குறைத்தார். தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் அனுபவப்பட்டவர்களுக்கே சுருதி நழுவும். பாதி சரியானது. மீதிக் கோளாறு டிராக்கில். கீபோர்டுக்காரர் அஞ்சு கட்டையில் போட்டிருந்தார். (கட்டை என்பது சுருதிக்கான அளவு. எண் கூடக் கூட சுருதி உயரும்.) "டிராக்கை மறந்துரு பாப்பா. ஊர்ல பாடுற மாதிரி நீயா எடு" என்றார். அவள் எடுத்தது ஆறரை.

அப்புறம்தான் சண்டை. ஒன்றரைக் கட்டை ஏற்ற வேண்டும். கீபோர்டு மிடியில், அதாவது ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்பாக, இருந்ததால் அது ஒரு நொடி வேலை. என் பம்பைக்கும் கவலையில்லை. குழலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. பதிவானதை சாஃப்ட்வேரில் அவ்வளவு ஏற்றினால் திருவிழாப் பீப்பி மாதிரி ஆகிவிடும். குழல்காரர் வேறு குழலோடு மறுபடி வரணும், மறுபடி சம்பளம். பணம் போட்டவர் முடியாது என்றார். "என் வாடகையில கழிச்சுக்கங்க" என்று அண்ணன் முடித்துவிட்டார்.

மறுபதிவில் அவள் பாடினதைச் சொல்லி மாளாது. குலவை மட்டும் சத்தம் கூடிப்போய் மீட்டரைச் சிவப்பாக்கியது. மைக்கின் கெயினைக் குறைத்து, அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தித் தனியாக எடுத்தார். சுருதியைச் சரிசெய்யும் பிட்ச் கரெக்‌ஷன் ஓரிரு சொல்லில்தான் போட்டார். வரி முடிவில் அவள் இழுத்து இறக்குவதை சாஃப்ட்வேர் தப்பென்று காட்டும். அதைத் தொடவே இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆல்பத்தில் கேட்கும்படி இருப்பதே அந்த இழுப்புதான்.

டி.எம்.எஸ். மதுரையிலிருந்து சினிமாவுக்குப் போன காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகத்தான் பதிவாவார்கள். ஒருத்தர் சறுக்கினாலும் எல்லாரும் முதலிலிருந்து. இந்தப் பெண்ணுக்கு அந்தக் கண்டம் இல்லை, ஆனால் வேறொன்று இருந்தது. வீடியோவில் விழாக் கமிட்டியார் பெயரெல்லாம் ஓடியது, பாடினவள் பெயர் இல்லை. பெயர் போடாமல் ஃபைனல் மிக்ஸ் கிடையாது என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். போட்டார்கள்.

அப்புறம் ஸ்டுடியோவுக்கு வருகிற இசையமைப்பாளர்களுக்கெல்லாம் அந்தக் குரலைத் தனியாகப் போட்டுக் காட்டுவார். முதலில் டிராக் பாடக் கூப்பிட்டார்கள். பெரிய பாடகர் வந்து பாடும் வரைக்கும் இடம் பிடித்து வைக்கிற வேலை. ஒரு பாட்டில் அவள் குரலையே வைத்துக்கொண்டார்கள். இப்போது பங்குனி, சித்திரையில் அவள் தேதி கிடைப்பதே கஷ்டம். புதிதாக ஆல்பம் போடுகிறவர்கள் முதலில் அண்ணனுக்குத்தான் போன் போடுகிறார்கள்: "அந்தப் பொண்ணுக்கு எத்தனை கட்டைண்ணே?"