வாரம் ஒரு ஊசி: அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு வயது 61, 14 வருடமாகச் சுகர். சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) 9.2 சதவீதம் வந்ததால், மாத்திரையோடு வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு ஊசியும் போடச் சொன்னார் மருத்துவர். முதல் 4 வாரம் 0.25 மில்லிகிராம், உடம்பு பழகுவதற்காக. போன ஞாயிறு முதல் 0.5. அதிலிருந்துதான் சிக்கல். இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வாய்வரை கொண்டுபோய் அப்படியே தட்டில் வைத்துவிடுகிறார். "நெஞ்சுலயே நிக்குதுப்பா" என்கிறார். இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்று தெரியும். ஆனாலும் பார்க்க மனசு கேட்கவில்லை.

சுகரை இறக்கும் கிளிமிப்ரைடு மாத்திரையும் போடுகிறார். சாப்பிடாமல் சுகர் இறங்கிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் எழுந்து பார்க்கிறேன். நேற்று போனில் சொன்னதும் மருத்துவர் அந்த மாத்திரையைப் பாதியாக்கினார். வியாழன் நேரில் போகிறோம்.

இந்த ஊசி போடுகிறவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் சொல்லுங்கள். குமட்டல் எத்தனை வாரத்தில் அடங்கியது? இப்போது கஞ்சியும் மோரும்தான் இறங்குகிறது. புரதத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? அப்புறம், அடுத்த மாதம் ரயிலில் காசி போகிறோம். மருந்து இருக்கும் ஊசிப் பேனாவை எப்படிக் கொண்டுபோனீர்கள்? மருந்து உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது என்பதால் ஐஸ் கட்டியோடு வைக்கப் பயமாக இருக்கிறது.