விடுப்பில் போனவரின் இன்பாக்ஸ்: சில அனுபவங்கள்

மின்னஞ்சல் நிர்வாகி, சென்னை

பொங்கல் விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: "சார், ஊருக்குப் போகிறேன். ஆபீஸ் மெயில் எல்லாம் என் ஜிமெயிலுக்கு வந்துவிட வேண்டும்." முடியாது என்றால் குரல் மாறிவிடும். நாங்கள் வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுவதாக நினைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 உள்ள அலுவலகங்களில் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆவதை 2020 முதல் அந்த நிறுவனமே அடைத்துத்தான் வைத்திருக்கிறது. நிர்வாகி தனியாகத் திறந்துவிட்டால் ஒழிய, 5.7.520 என்ற பிழை எண்ணோடு கடிதம் திரும்பிவிடும். என்னைக் கேட்டால் அது திறக்கவே வேண்டாத கதவு.

நான் சொல்ல வந்த கதை அதைவிடப் பழையது. ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான் அப்போது அலுவலகம் முழுவதற்கும் அஞ்சல் நிலையம். யூனிக்ஸ் உலகில் விடுப்புப் பதிலுக்கென்றே 'வெக்கேஷன்' என்று ஒரு நிரல் உண்டு. சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை உருவாக்கிய எரிக் ஆல்மன் எழுதியது. யாருக்கெல்லாம் பதில் போயிற்று என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, ஒரே ஆளுக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் பதில் அனுப்பாது. எங்கள் கொள்முதல் பிரிவில் இருந்த ஒரு புத்திசாலி இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. தானே நான்கு வரி நிரல் எழுதி வைத்துவிட்டுத் தங்கை கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய்விட்டார். எந்தக் கடிதம் வந்தாலும் உடனே பதில் அனுப்பு என்பதுதான் அந்த நான்கு வரி. யாருக்கு ஏற்கெனவே அனுப்பினோம் என்ற நினைவே அதற்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு விற்பனையாளரின் புகார் மையத்திலிருந்து கடிதம் வந்தது. "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்றது இவருடைய நிரல். அந்தப் பக்கமும் மனிதர் இல்லை. வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாகப் புகார் எண் கொடுத்து "பெற்றுக்கொண்டோம்" என்று சொல்லும் இயந்திரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இது விடுப்பைச் சொல்ல, அது எண்ணைக் கொடுக்க, திங்கட்கிழமை காலையில் எங்கள் சர்வரின் வட்டு நிரம்பி ஒருவருக்கும் மெயில் வரவில்லை. அங்கே ஆயிரக்கணக்கில் புகார்கள் பதிவாகியிருந்தன. எல்லாமே ஒருவர் கல்யாணத்துக்குப் போனதைப் பற்றிய புகார்கள்!

சர்வருக்கே இது தெரிய வேண்டாமா என்று அன்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு முகவரிகள் ஒன்றுக்கொன்று ஃபார்வர்டு செய்துகொண்டால் சர்வர் கண்டுபிடித்துவிடும். கடிதம் ஒவ்வொரு சர்வரைக் கடக்கும்போதும் தலைப்பில் ஒரு முத்திரை வரி சேரும். அந்த வரிகள் ஓர் எல்லையைத் தாண்டினால் கடிதம் நிறுத்தப்படும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் அந்த எல்லை 50. தானியங்கி பதிலோ ஒவ்வொன்றும் புத்தம்புதுக் கடிதம். பழைய முத்திரை எதுவும் அதில் இருக்காது, எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் 2004இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கென்று தனி ஒழுங்கை வகுத்தது. தானாகப் போகும் பதில், 'ஆட்டோ-சப்மிட்டட்' என்ற தலைப்பு வரியில் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். அப்படி அறிவித்துக்கொண்டு வரும் கடிதத்துக்கு எந்த இயந்திரமும் பதில் சொல்லக் கூடாது. அனுப்புநர் முகவரி காலியாக வரும் கடிதத்தையும் தொடக் கூடாது. அன்று எங்கள் இளைஞரின் நிரல் இவற்றில் ஒன்றையும் அறியாது. எதிர்ப்பக்கத்து இயந்திரமும் அப்படியே.

ஆகவே சொந்த விதி, சொந்த நிரல் எதுவும் வேண்டாம் என்பேன். அவுட்லுக்கிலோ ஜிமெயிலிலோ ஏற்கெனவே இருக்கும் தானியங்கி பதிலே போதும். அவுட்லுக்கில் அது ஓர் ஆளுக்கு ஒருமுறைதான் போகும். ஜிமெயிலில் அதே ஆள் மறுபடி எழுதினால் நான்கு நாளுக்கு ஒருமுறை போகும்; ஸ்பேமுக்கும் குழு அஞ்சலுக்கும் போகாது.

கணக்குப் பிரிவு, கோவை

வெளி முகவரிக்கு ஃபார்வர்டு கூடாது என்று சென்னை நண்பர் சொன்னதை நான் இன்னும் உரக்கச் சொல்வேன். நாங்கள் பம்பு உதிரிபாகங்கள் ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் "நீங்கள் சொன்ன புதிய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டோம்" என்று எழுதினார். நாங்கள் எந்தப் புதிய கணக்கும் சொல்லவில்லை. வயிற்றைக் கலக்கியது.

யாரோ எங்கள் முதலாளியின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே வந்து, ஒரே ஒரு விதியை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' என்ற சொற்கள் உள்ள கடிதம் வந்தால் ஒரு நகல் வெளி முகவரிக்குப் போகும். மூலக் கடிதம் 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' என்ற கோப்புறைக்குள் போய்விடும். அவுட்லுக்கில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாடிக்கையாளர் சந்தேகப்பட்டு எழுதிய கேள்விகள் அத்தனையும் அங்கே படிக்காமல் கிடந்தன.

இதில் என்னை மிகவும் பதற வைத்தது இனிமேல்தான். இடையில் வழக்கமான முறைப்படி முதலாளி கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். திருடனால் அதன் பிறகு உள்ளே வர முடியவில்லை. வர வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. கடவுச்சொல்லை மாற்றினால் விதி அழிவதில்லை, அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். இணைய உலாவி வழியாக எழுதப்படும் இத்தகைய விதிகள் மேசைக் கணினி மென்பொருளில் தெரியாமல் போவதுண்டு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2020 நவம்பரில் நிறுவனங்களை எச்சரித்திருந்ததைப் பிறகுதான் படித்தோம். எங்கள் வழக்கிலும் உலாவியில் போய்ப் பார்த்த பிறகுதான் அகப்பட்டது.

யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் வங்கிக்கும், அதே மூச்சில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். விதியை உடனே அழித்துவிட வேண்டாம். படம் பிடித்து வைத்துக்கொண்டு அழியுங்கள். காவல் துறையில் அதைத்தான் கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

இவ்வளவு கவலைக்கு நடுவே ஒரு சிரிப்பு. 2008இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மன்றம், கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற பலகையை வெல்ஷ் மொழியிலும் எழுத விரும்பி மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் அச்சடித்துச் சாலையோரம் நட்டுவிட்டார்கள். பதிலில் இருந்தது இதுதான்: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பி வையுங்கள்."

எங்கள் தொழிலில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. அன்று முதல் என் விடுப்புப் பதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போகிறது, முதல் வரியிலேயே இது தானியங்கி பதில் என்று.

கல்லூரி அலுவலகம், திருச்சி

பதிலில் என்ன எழுதுவது என்பதையும் கொஞ்சம் பேசலாம். எங்கள் துறைத் தலைவர் ஒருவர், குடும்பத்தோடு காசி யாத்திரை போவதையும், திரும்பும் ரயிலையும், கைப்பேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார். புத்தக விற்பனையாளர் முதல் லாட்டரி மோசடிக்காரர் வரை எழுதிய எல்லாருக்கும் அது போயிற்று. வீடு பூட்டியிருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டியது போலத்தான். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2007 வந்ததிலிருந்து உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என இரண்டு பதில்களைத் தனித்தனியே எழுத முடிகிறது. வெளியாருக்குத் தேதியும் பொது முகவரியும் போதும்.

எனக்கு ஒரு சந்தேகம். கல்லூரி முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறேன், அனுமதியோடுதான். நண்பர்களின் கடிதம் வருகிறது, சில வங்கிகளின் கடிதம் மட்டும் வருவதில்லை. ஏன்?

மின்னஞ்சல் நிர்வாகி, சென்னை

ஐயா, எஸ்பிஎஃப் என்ற சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த சர்வர்கள் தன் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று வங்கி பட்டியல் போட்டு வைத்திருக்கும். உங்கள் கல்லூரி சர்வர் அதில் இருக்காது. அது வங்கிக் கடிதத்தைக் கைமாற்றும்போது போலிக் கடிதம் போலவே தோன்றும். வங்கி இட்ட டிகேஐஎம் என்ற மின்னணுக் கையொப்பம் சிதையாமல் வந்தால் தப்பிக்கலாம். ஆனால் வழியில் பொருள் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ, அடியில் ஒரு பொறுப்புத்துறப்பை ஒட்டினாலோ கையொப்பமும் செல்லாமல் போகும். இரண்டும் தவறினால் நிராகரித்துவிடு என்று வங்கியின் டிமார்க் கொள்கையே சொல்லியிருக்கும். உங்கள் நிர்வாகியிடம் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக அந்த அடிக்குறிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். டிமார்க்கைப் பொறுத்தவரை எஸ்ஆர்எஸ் மட்டும் கைகொடுக்காது.

அலுவலக விடுப்புக்கு நான் யாருக்கும் ஃபார்வர்டைப் பரிந்துரைப்பதில்லை. பிரிவுக்கு ஒரு பொது இன்பாக்ஸ், அதைப் பார்க்க இரண்டு பேருக்கு அனுமதி, விடுப்புப் பதிலில் அந்த முகவரி, வேலை நடந்துவிடும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகர்

இங்குள்ள டைம்லர் (இப்போது மெர்சிடிஸ்-பென்ஸ்) கார் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஊழியர் விரும்பினால், விடுப்பில் வரும் கடிதம் அழிக்கப்பட்டுவிடும்; அனுப்பியவருக்கு அதைச் சொல்லி மாற்று ஆளின் முகவரியும் தரப்படும். 2014இல் இது உலகம் முழுதும் செய்தியானது. திரும்பி வரும்போது இன்பாக்ஸ் காலி!

கணக்குப் பிரிவு, கோவை

படிக்கும்போதே பொறாமையாக இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய இடத்தில் வந்த ரசீதுகளை அழித்தால், அடுத்ததாக அழிவது என் வேலைதான். எனக்குப் பொது இன்பாக்ஸே போதும்.